நாற்பத்தி மூணு செகண்ட்

என் கம்ப்யூட்டரைப் பத்தி யார் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் சொல்லிக்கலாம். "எடைக்குப் போடு"ன்னு மட்டும் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னவங்க யாரும் என் கடை பெஞ்சுல ரெண்டாவது தடவை உக்கார்ந்தது கிடையாது. அதுல ஒருத்தி என் கூடப் பிறந்த தங்கச்சி. அவளும் இப்ப இங்க இல்ல. நேரா என் தலைக்கு மேல, மாடியில, தனிக் கடை போட்டு உக்கார்ந்திருக்கா.

நாங்க ரெண்டு பேரும் பத்தொன்பது வருஷம் ஒரே ஸ்டுடியோவுல இருந்தோம். படம் எடுக்கிறதும் பிரிண்ட் போடுறதும் சின்னவ வேலை. எடுத்த படத்தை நாலு பேர் பாக்குற மாதிரி ஆக்குறது என் வேலை. முன் ரூம்ல பெஞ்சு, கண்ணாடி, யாரும் எடுத்துட்டுப் போயிடாம நூல் கட்டின சீப்பு, என் டேபிள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளும் அவ பிரிண்டரும். என் டேபிள்ல அவ கை வைக்க மாட்டா, அவ டேபிள்ல நான் கை வைக்க மாட்டேன். நான் படத்தை முடிச்சு என் கம்ப்யூட்டர்ல ஒரு ஃபோல்டர்ல போடுவேன், அவ அங்கேர்ந்தே அதை ஒயர் வழியா எடுத்துப்பா. எடுத்ததும் தடுப்புக்கு மேல தலையை நீட்டி ஒரே ஒரு கேள்வி கேப்பா. "மேட்டா, கிளாஸியா?" பளபளப்பு இல்லாத பேப்பரா, பளபளப்பானதான்னு அர்த்தம். நான் பதில் சொன்னதும் மெஷின் ஓடும். அவ்வளவுதான் எங்க தொழில். அத்தனை வருஷத்துல பிரிண்ட்ங்கிற மெனுவை நான் ஒரு தடவை கூடத் திறந்தது இல்ல. அது அவ எல்லை, எனக்கென்ன வேலை அங்க.

சண்டை வந்தது இந்தப் பெட்டியாலதான். பெட்டிக்குப் பன்னண்டு வயசு. எனக்கு அதோட ஒவ்வொரு மூச்சும் தெரியும், எப்ப தட்டணும், எப்ப விட்டுப் பிடிக்கணும்னு தெரியும். புருஷன் கூட அவ்வளவு சொல்பேச்சு கேட்டது இல்ல. சின்னவளுக்குப் புதுசு வேணும். தினமும் ஒரு விளம்பரத்தைக் கொண்டாந்து காட்டுவா, நான் பாக்க மாட்டேன். ஒரு நாள் பெஞ்சு நிறைய ஆள் இருக்கும்போது சொன்னா, இந்தப் பெட்டியை எடைக்குப் போடு அக்கா, கூடவே உன் பிடிவாதத்தையும் போடு, நல்ல வெயிட்டா இருக்கும்னு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குத்தான் கோபம் மூக்கு மேலயே குடியிருக்குமே. புதுசு வேணும்னா புதுசு இருக்கிற இடத்துக்குப் போன்னுட்டேன். போயிட்டா. ஒரே வாரத்துல மாடி ரூமைப் பிடிச்சு, பிரிண்டரைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. போவான்னு நான் நினைக்கவே இல்ல, சத்தியமா.

போன அன்னிக்கே அவ ஜன்னல்லேர்ந்து ஒரு நீல ஒயரைக் கீழ இறக்கி விட்டா. அது என் ஜன்னல் வழியா வந்து டேபிள் மேல விழுந்துச்சு. இதை உன் கம்ப்யூட்டர்ல மாட்டிக்கிட்டா முன்ன மாதிரியே வேலை பாக்கலாம், இல்ல நீயே மேல வந்துடு, எடிட்டிங்குக்கு எனக்கு ஆள் வேணும்னு சொல்லி அனுப்பினா. ஆளாம். சம்பளத்துக்காம். அந்த ஒயரோட நுனியை ஜன்னல் கம்பியில சுத்திக் கட்டி, மானிட்டர் துடைக்கிற துணியை அதுல காயப் போட்டேன். அந்தப் பதினேழு படியை என் கால் மிதிக்காதுன்னு பெஞ்சுல இருந்த ஆள்கிட்ட எல்லாம் சொன்னேன்.

அதுக்கப்புறம் பாருங்க, பெட்டிக்கு என்ன ஆச்சோ. படம் எடிட் பண்ற சாஃப்ட்வேர்ல ஒரு படத்தைத் திறந்தா, திறக்கிறதுக்குள்ள ஒரு காபி குடிச்சுட்டு வந்துடலாம். சேவ் பண்ணாலும் அதே கதை. மெக்கானிக் வந்து தூசி தட்டினார், மெமரி கூட்டினார், திரையில படத்தைத் திருத்துற பிரஷ் கொஞ்சம் வேகமாச்சு, திறக்கிறது மட்டும் அப்படியே நின்னுச்சு. வயசாயிடுச்சும்மா, வேற வாங்குங்கன்னு சொன்னார். அவர் பையை எடுத்துக் கையில கொடுத்துட்டேன். பக்கத்துக் கடைக்காரங்க எல்லாம் ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்னு என் காதுபடவே பேசினாங்க. நான் சின்னவ கண்ணு வச்சுட்டுப் போயிட்டான்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். எட்டு மாசம் இப்படியே தள்ளிட்டேன். ரெண்டு பாஸ்போர்ட் படம், ஒரு குடும்பப் படம்னு வர்ற ஆளுக்கு இது போதும். பிரிண்டுக்கு என் வீட்டுக்காரர் பென் டிரைவை எடுத்துக்கிட்டு, பஸ் ஏறி ஊர்க் கோடியில இருக்கிற லேபுக்குப் போயிட்டு வருவார். வர்ற ஆளும் குறைஞ்சுக்கிட்டே வந்தாங்க. கட்டடத்துக்காரர் ரூமைக் காலி பண்ற உத்தேசம் உண்டான்னு ஒரு தடவை நைசா கேட்டுட்டும் போனார்.

அந்த நிலைமையிலதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில நர்ஸிங் காலேஜ் ஹெட் கிளார்க் அம்மா வந்தாங்க. கையில ஒரு மெமரி கார்டு. நானூத்திப் பன்னண்டு பிள்ளைங்களோட படம். அடையாள அட்டைக்கு. காலேஜ்லயே யாரையோ வச்சு எடுத்திருக்காங்க. எடுத்த மகராசன் ஜன்னலுக்கு எதிர்ல நிக்க வச்சு எடுத்திருக்கான், பாதி முகம் மஞ்சள், பாதி முகம் நீலம், பின்னாடி சுவத்துல ஒரு ஆணி எல்லார் தலையிலயும் முளைச்சிருக்கு. பின்னணி வெள்ளையாகணும், கலர் சரியாகணும், அளவா வெட்டணும். ஃபைல் எல்லாம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள, பிரிண்ட் அடுத்த வாரம்.

முடியும்னு சொல்றதுக்கு எனக்கு யோசிக்க வேண்டியதே இல்ல. அந்தம்மாதான் என் பெட்டியை ஒரு பார்வை பார்த்தாங்க. பார்த்துட்டு, "முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க, மேல உங்க தங்கச்சிகிட்டயே குடுத்துடுறேன். வருஷா வருஷம் வர்ற வேலை இது, ஒரு தடவை குடுத்த இடத்துலதான் குடுப்போம்"ன்னாங்க.

கார்டை அவங்க கையிலேர்ந்து நானே எடுத்துக்கிட்டேன். எனக்குத் தெரியாதா. இந்த வேலை வந்தா இந்த ரூம்ல என் விளக்கு எரியும். மேல போச்சுன்னா, அடுத்த மாசமே நானும் பின்னாடியே படியேறி, என் தங்கச்சி காட்டுற நாற்காலியில உக்கார வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லணும். இருபத்தாறு வருஷம் பஸ் டிப்போவுல டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புச்சு, எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு எழுதுறது வேலை. ரிடையர் ஆகியும் அந்தப் புத்தி போகல. நான் சமையலுக்கு எத்தனை நிமிஷம் எடுத்துக்கிறேன்னு கூட ஒரு நோட்டுல இருக்கு. அன்னிக்கு பெஞ்சுல உக்கார்ந்து, நான் படம் திறக்கிறதை வாட்சைப் பார்த்துப் பார்த்துக் குறிச்சுக்கிட்டு இருந்தார். எனக்கு எரிச்சலான எரிச்சல். சாயங்காலம் ஆகும்போது அம்பத்திரண்டு படம்தான் முடிஞ்சிருந்துச்சு. மனுஷன் கணக்குப் போட்டுச் சொல்றார், ஒரு படத்துல உன் கை வேலை மூணு நிமிஷம், மொத்தம் இருபது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அது தாராளமா முடியும், ஆனா சும்மா காத்திருக்கிற நேரம் மட்டும் ஒன்பது மணி அம்பது நிமிஷம் முப்பத்திரண்டு செகண்ட், அது முடியாதுன்னு. எட்டு மணிக்கு வாட்ச்மேன் கட்டடத்துக் கேட்டைப் பூட்டிடுவார், ராத்திரி உக்கார்ந்து முடிக்கிற வழியும் கிடையாது. அந்த முப்பத்திரண்டு செகண்டை எதுக்குச் சொன்னீங்கன்னு கேட்டேன். இருக்கே, சொல்லாம எப்படின்னார்.

புதன்கிழமை காலையில முடிவு பண்ணிட்டேன். ஒரு படமும் தொடல. முதல்ல பெட்டியைச் சரி பண்றேன், அப்புறம்தான் பிள்ளைங்க முகம். இவர் பதறினார், அரை நாள் போயிடுமேன்னு. கோடாலி மொட்டையா இருந்தா மரம் வெட்டுறவன் முதல்ல கோடாலியைத்தான் பாப்பான்னு சொல்லிட்டு ஆரம்பிச்சேன்.

டிஸ்க்குல இடம் இருக்கான்னு பார்த்தேன். சாஃப்ட்வேர் வேலை செய்யும்போது தனக்குன்னு கொஞ்சம் இடம் எடுத்துக்கும், டிஸ்க் நிரம்பி வழிஞ்சா மூச்சு முட்டும். பழைய ஆல்பம் பாதியை வெளி டிஸ்க்குக்குத் தள்ளினேன். அடுத்து எழுத்து ஃபான்ட். பத்தொன்பது வருஷமா எவன் எந்த சி.டி. கொடுத்தாலும் அள்ளிப் போட்டது ஆயிரத்து நூறு சொச்சம். நாப்பதை வச்சுக்கிட்டு மத்ததை வழிச்சுப் போட்டேன். பண்ணின வேலையைத் திருப்பி எடுக்கிற வசதியை நூறு படியிலேர்ந்து இருபதாக் குறைச்சேன். நூறு தடவை திருப்பி எடுக்கிற அளவுக்குத் தப்புப் பண்ற ஆளா நான். பழைய குப்பை ஃபைல் எல்லாம் காலி. ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் ஒரு படத்தைத் திறந்து பார்ப்பேன், இவர் வாட்சைப் பார்ப்பார். பிரஷ் இப்ப வெண்ணெயில கத்தி போற மாதிரி போகுது. சாஃப்ட்வேர் திறக்கிற நேரமும் பாதியாக் குறைஞ்சுது. ஆனா படத்தைத் திறந்தா மட்டும் அதே நிறுத்தம்.

எனக்கு அழுகை வர்ற மாதிரி ஆயிடுச்சு. ஊரு சொன்னதுதான் சரியோ, நிஜமாவே கிழடாயிடுச்சோன்னு ஒரு நிமிஷம் தோணிடுச்சு. ஒரு நிமிஷம்தான். இவர் நோட்டை நீட்டினார்.

"இதைப் பாரு. நேத்துலேர்ந்து அம்பத்தி ஒன்பது தடவை எழுதியிருக்கேன். சின்னப் படம், பெரிய படம், காலையில, சாயங்காலம், ஃபான்ட் எடுக்கிறதுக்கு முன்னாடி, எடுத்ததுக்கு அப்புறம். எல்லாம் நாற்பத்தி மூணு செகண்ட். ஒண்ணு கூட நாற்பத்தி ரெண்டு இல்ல, நாற்பத்தி நாலு இல்ல."

அதுக்கென்ன இப்பன்னு கேட்டேன்.

"வண்டி பழசாகி ஓட முடியாம லேட்டானா, ஒரு நாள் பத்து நிமிஷம் ஆகும், ஒரு நாள் அரை மணி ஆகும். மேடு இருந்தா கூடும், பள்ளம் இருந்தா குறையும். தினமும் சரியா பதினஞ்சு நிமிஷம் லேட்டா வர்ற வண்டிக்கு இன்ஜின்ல ஒண்ணும் இல்ல. டிரைவர் வழியில எங்கயோ நிறுத்திட்டு யாருக்கோ காத்துக்கிட்டு இருக்கான். நான் இதுல எத்தனை டிரைவரைப் பிடிச்சிருக்கேன் தெரியுமா."

கல்யாணமாகி முப்பது வருஷத்துல இவர் நோட்டு எனக்கு உபயோகப்பட்டது அன்னிக்குத்தான். கையைக் கட்டிக்கிட்டு உக்கார்ந்து யோசிச்சேன். ஒரு படத்தைத் திறக்கும்போது இந்த சாஃப்ட்வேர் யார் யார் கதவைத் தட்டும்? டிஸ்க்கு, பார்த்தாச்சு. மெமரி, பார்த்தாச்சு. ஃபான்ட், பார்த்தாச்சு. என் டேபிள்ல என்னவெல்லாம் உண்டோ அதை எல்லாம் தலைகீழாப் புரட்டியாச்சு. மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம். என் டேபிள்ல இல்லாத இடம்.

பிரிண்ட்ங்கிற மெனு மேல கையைக் கொண்டு போனேன். கை தயங்குச்சு, என்னமோ அடுத்தவங்க பீரோவைத் திறக்கிற மாதிரி. அவதான் போயிட்டாளே, இன்னும் என்ன எல்லைன்னு என்னையே திட்டிக்கிட்டு அமுக்கினேன். அமுக்கினதும் திரை அப்படியே நின்னுச்சு. இவர் வாட்சைப் பார்த்தார். நாற்பத்தி மூணு. அப்புறம் திறந்துச்சு. உள்ள ஒரே ஒரு பிரிண்டர் பேருதான் இருந்துச்சு, வெளுத்துப் போன எழுத்துல. "சின்னவ ரூம்." பக்கத்துல, இணைப்பு இல்லைன்னு.

விஷயம் இவ்வளவுதான். படத்தைத் திறக்கும்போதெல்லாம் இந்தப் பெட்டி, உன்கிட்ட என்ன அளவு பேப்பர் இருக்குன்னு பிரிண்டரைக் கேக்கும். அவ இருந்தப்ப அது உடனே பதில் சொல்லும், யாருக்கும் தெரியாது. அவ பிரிண்டரைத் தூக்கிக்கிட்டுப் போன அன்னிலேர்ந்து இதுக்கு பதில் சொல்ல ஆள் இல்ல. இருந்தாலும் கூப்பிடும், நாற்பத்தி மூணு செகண்ட் நிக்கும், சரி இல்ல போலருக்குன்னு உள்ள வந்து வேலையைப் பார்க்கும். சேவ் பண்ணும்போது மறுபடி போய்க் கூப்பிடும். எட்டு மாசமா, ஒவ்வொரு படத்துக்கும் ரெண்டு தடவை. நான் இங்க உக்கார்ந்துக்கிட்டு அவ கண்ணு வச்சுட்டான்னு பழி போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். பெட்டியை ஆயிரம் தடவை துடைச்சவளுக்கு, அது எந்த நாள்லேர்ந்து மெதுவாச்சுன்னு ஒரு தடவை யோசிச்சுப் பார்க்கத் தோணல பாருங்க. எனக்கு வெக்கமாப் போச்சு.

சரி பண்ண ஒரே நிமிஷம்தான். அந்த பிரிண்டரைக் கேக்க வேண்டாம்னு மாத்தி வச்சேன். படத்தைத் திறந்தேன். ரெண்டு செகண்ட். இவர் வாட்சைக் காதுல வச்சு, அது ஓடுதான்னு பார்த்தார். "சின்னவ ரூம்" பேருக்குப் பக்கத்துலயே அதை மொத்தமா அழிச்சுட ஒரு பட்டன் இருந்துச்சு. நான் அழிக்கல. அதுக்கெல்லாம் நேரம் இல்லன்னு இவர்கிட்ட சொன்னேன்.

அப்புறம் என் கையைப் பாக்கணும் நீங்க. முந்நூத்தி அறுபது பிள்ளைங்க. மஞ்சளை எடுத்து, நீலத்தை எடுத்து, தலையில முளைச்ச ஆணியைப் பிடுங்கி, கண்ணாடியில விழுந்த வெளிச்சத்தைத் துடைச்சு, முடி ஓரத்தை மட்டும் பொறுமையா விட்டு வச்சு. முடியை வெட்டிட்டா தலையில சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஆயிடும். தழும்பையும் மச்சத்தையும் தொட மாட்டேன், அடையாள அட்டைன்னா அடையாளம் இருக்கணும். வியாழக்கிழமை இவர் சாப்பாட்டைக் கொண்டாந்து கையில குடுத்து, பதினோரு நிமிஷம்னு எழுதிக்கிட்டார். நடுவுல மேல சின்னவளோட நாற்காலிச் சக்கரம் உருளுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எட்டு மாசமா கேக்குற சத்தம்தான். உருளும், நிக்கும், ரொம்ப நேரம் ஒண்ணும் கேக்காது, மறுபடி உருளும்.

வெள்ளிக்கிழமை மூணு அம்பதுக்குக் கடைசிப் பிள்ளை முடிஞ்சுது. நாலு மணிக்கு ஹெட் கிளார்க் அம்மா வந்து என் பக்கத்துலயே உக்கார்ந்து ஒவ்வொண்ணாத் தள்ளித் தள்ளிப் பார்த்தாங்க. இருபதாவது படத்துல நிறுத்தினாங்க. அப்புறம், எங்க பிள்ளைங்க இவ்வளவு லட்சணமான்னாங்க. அடுத்த வருஷமும் நீங்கதான்னு சொல்லிட்டு, பிரிண்ட் திங்கக்கிழமை வேணும், எங்க போடுவீங்கன்னு கேட்டாங்க. அதை நான் பார்த்துக்கிறேன்னு சொன்னேன். அவங்க பென் டிரைவைக் கைப்பைக்குள்ள பத்திரமா வச்சுக்கிட்டுக் கிளம்பினாங்க.

அவங்க போனதும் எனக்கு இருப்புக் கொள்ளல. ஜெயிச்சா மட்டும் போதுமா, தோத்தவங்களுக்கு அது தெரிய வேண்டாமா. பதினேழு படியையும் மிதிச்சு ஏறினேன். மெக்கானிக் வயசாயிடுச்சுன்னாரே, அந்தப் பெட்டி நானூத்திப் பன்னண்டு படத்தைத் தூக்கிடுச்சு, நீ எடைக்குப் போடச் சொன்ன பெட்டின்னு அவ மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்துடணும். அவ்வளவுதான் என் திட்டம்.

சின்னவ கடை நல்லாத்தான் இருந்துச்சு. வெள்ளைத் திரை, குடை விளக்கு ரெண்டு, மூலையில எங்க பழைய பிரிண்டர். கதவு அகலத்துக்கு ஒரு மானிட்டர். அவ அது முன்னாடி கன்னத்துல கை வச்சு உக்கார்ந்திருந்தா. பெஞ்சுல ஒரு அம்மாவும் பொண்ணும் காத்துக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் சின்னவ எழுந்திருக்கப் போனா, அப்புறம் என்ன நினைச்சாளோ உக்கார்ந்துட்டா. நான் சொல்ல வந்ததை எல்லாம் நின்ன இடத்துலயே சொல்லி முடிச்சேன். நானூத்திப் பன்னண்டு, மூணு அம்பது, ரெண்டு செகண்ட். கேட்டுட்டு, சந்தோஷம்னா. சந்தோஷப்படுற குரல் இல்ல அது. ஏற்கெனவே எடுத்திருந்த பொண்ணோட படத்தைக் காட்டுறதுக்காக ஃபைல் திறக்கிற இடத்தை அமுக்கினா.

மானிட்டர் அப்படியே நின்னுச்சு. மவுஸ் இருக்கிற இடத்துல ஒரு வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. பெஞ்சுல இருந்த அம்மா ஒரு பெருமூச்சு விட்டாங்க. நான் வேணும்னு செகண்டை எண்ணல, ரெண்டு நாளா இவர் கூட இருந்த பழக்கம். முப்பத்தொண்ணு வந்ததும் திறந்துச்சு. புதுசுல்ல, கொஞ்சம் ரோஷம் ஜாஸ்தி, நாற்பத்தி மூணு வரைக்கும் நிக்காது போலருக்கு.

"புது மெஷின் இல்லையா, இன்னும் செட் ஆகல"ன்னா பெஞ்சைப் பார்த்து. எட்டு மாசமா கீழ நான் சொல்லிக்கிட்டு இருந்த மாதிரியே ஒரு சாக்கு. அவ கண்ணு வச்சுட்டான்னு நான், புதுசு இல்லையான்னு அவ.

எத்தனை நாளா இப்படின்னு கேட்டேன். வாங்கின நாள்லேர்ந்துன்னா. யாரையாவது கூப்பிட்டுக் காட்டக் கூடாதான்னு கேட்டதுக்கு, பெஞ்சுக்குக் கேக்காத மாதிரி குரலைத் தாழ்த்திக்கிட்டா.

"அவ்வளவு பேசிட்டு வந்துட்டு, புதுசும் நிக்குதுன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

நகருடின்னேன். நகர்ந்தா. வாழ்க்கையில முதல் தடவையா அவ நாற்காலியில உக்கார்ந்தேன். எனக்கு எங்க தேடணும்னு தெரியும், புதன்கிழமைதானே கத்துக்கிட்டேன். அவ பழைய கம்ப்யூட்டர்ல இருந்ததை எல்லாம் ஒண்ணும் பிரிச்சுப் பாக்காம அப்படியே அள்ளிப் புதுசுல கொட்டியிருக்கா. எந்தப் படம் எங்க இருக்குன்னு பாக்குறது என் வேலையாச்சே, அவளுக்கு எதுக்கு அதெல்லாம். பட்டியலைக் கீழ வரைக்கும் இறக்கினேன். கடைசியில சிவப்புப் பெருக்கல் குறி போட்டு ஒரு ஃபோல்டர். "அக்கா டேபிள்."

ஒவ்வொரு தடவை ஃபைல் திறக்கும்போதும் அவ மெஷின் முதல்ல கீழ வந்து என்னைத் தேடியிருக்கு. நான்தான் ஒயரை மாட்டலையே. முப்பத்தொரு செகண்ட் பார்த்துட்டுத் திரும்பிப் போயிருக்கு.

அவகிட்ட விளக்கிச் சொன்னேன். என் பெட்டியில இருந்ததையும் சொன்னேன், எந்தப் பேரைப் பார்த்துக்கிட்டு அது நின்னுச்சுன்னு. இதை எடுத்துட்டா போதும், உன் மெஷின் பறக்கும்னு சொல்லி, எடுக்கிற பட்டன் மேல மவுஸைக் கொண்டு போனேன். அவ என் மணிக்கட்டைப் பிடிச்சா.

"எடுக்காத அக்கா. ஒயர் அங்கதானே தொங்குது. நீ மாட்டினா போதும்."

அந்த ஒயர்ல நான் துணி காயப் போடுறதை மேலேர்ந்து எட்டு மாசமா பார்த்துக்கிட்டுத்தான் இருந்திருக்கா. கடையை மூடிட்டு உன்கிட்ட வேலைக்கெல்லாம் வர மாட்டேன், அதை மனசுல வச்சுக்கோன்னு சொன்னேன். யாரு கூப்பிட்டான்னு கேட்டா. என் கடை என் கடைதான், பிரிண்ட் மட்டும்தான் உன்னதுன்னு சொன்னேன். முன்னயும் அப்படித்தானே இருந்துச்சுன்னா. பெஞ்சுல இருந்த பொண்ணு என்னையும் அவளையும் மாத்தி மாத்திப் பார்த்துச்சு. நான் இறங்கி வந்துட்டேன்.

இவர் வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தார். கையில நோட்டு இல்ல. நான் ஜன்னல் கம்பியிலேர்ந்து துணியை எடுத்தேன். ஒயர் நுனியில எட்டு மாசத் தூசி. ஊதினேன், சேலைத் தலைப்பால துடைச்சேன், பெட்டிக்குப் பின்னாடி குனிஞ்சு மாட்டினேன். டக்குனு ஒரு சத்தம், சின்னதா ஒரு பச்சை விளக்கு. வெளுத்துக் கிடந்த "சின்னவ ரூம்" எழுத்து கறுப்பாச்சு. நானூத்திப் பன்னண்டு படத்தையும் பழைய இடத்துல, அவ எடுத்துக்கிற ஃபோல்டர்ல போட்டுட்டு சும்மா உக்கார்ந்திருந்தேன்.

தலைக்கு மேல நாற்காலி உருண்டுச்சு. இந்தத் தடவை நிக்காம ஜன்னல் வரைக்கும் வந்துச்சு.

"அக்கா. மேட்டா, கிளாஸியா?"

எழுந்து ஜன்னல்கிட்ட போறதுக்கு முன்னாடி கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். இவர் என்னைப் பார்க்காம தெருவைப் பார்த்துக்கிட்டு நின்னார். என் காதுல விழலையோன்னு அவ மறுபடி கேட்டா.

"மேட்டுதான். அடையாள அட்டைக்கு எவடி கிளாஸி போடுவா, பத்தொன்பது வருஷம் என்னத்தைக் கத்துக்கிட்ட"ன்னு ஜன்னல் வழியா ஒரு சத்தம் போட்டேன். மேல மெஷின் ஓட ஆரம்பிச்சுது.